போரோபுதூரும் வரவேற்பறையும்

வணக்கம்.

ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மலையடிவாரத்தில் ரிசார்ட் கட்டப்போகும் ஒருவர், ‘புத்தர் கோவில் மாதிரி இருக்கணும்’ என்று வந்திருக்கிறார். ஜாவாவில் போரோபுதூர் பௌத்தக் கோவிலுக்குப் பக்கத்தில் உள்ள அமன்ஜிவோ விடுதியின் படங்களைக் காட்டினார். வரவேற்பறைக்கு ஸ்தூபி வடிவில் கூரை, நீச்சல்குளத்தருகே பெரிய புத்தர் தலை என்று பட்டியல் நீள்கிறது. வரைய உட்கார்ந்தால் கை ஓடவில்லை. வழிபாட்டுக்குரிய ஒன்றை ஓய்வு விடுதிக்குக் கொண்டுவருவது சரிதானா? சரி என்றால் எதை எடுக்கலாம், எதை விடவேண்டும்?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

தாராளமாக எடுக்கலாம். ஆனால் உங்கள் வாடிக்கையாளர் கேட்பது கோவிலின் வெளித்தோற்றத்தை. நீங்கள் பார்க்கவேண்டியது, அந்தக் கோவில் வருகிறவரை எப்படி நடத்திக் கூட்டிப்போகிறது என்பதை.

போரோபுதூரையே பாருங்கள். ஜாவாவை ஆண்ட சைலேந்திர அரசர்கள் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில் முடிந்த கட்டடம். உள்ளே நுழைய அதில் கருவறை கிடையாது, மண்டபமும் கிடையாது. ஏறலாம், சுற்றி வரலாம், அவ்வளவுதான். கீழே நான்கு திருச்சுற்றுகள். இருபுறமும் புடைப்புச் சிற்பங்கள். வெளிச்சுவர் உயர்ந்து நிற்பதால் வயலும் தோப்பும் மறைந்துவிடும். சுவர் அடிக்கடி மடங்குவதால் முன்னாலும் கொஞ்ச தூரம்தான் தெரியும். கண்ணுக்குக் கிடைப்பது கதையும் மேலே வானமும்தான். இப்படிச் சுற்றிச் சுற்றி ஏறியதும் சட்டென்று சுவர்கள் தீர்ந்துபோகும். மூன்று வட்டத் தளங்கள், செதுக்கல் இல்லாத வெறும் கல், 72 சிறு ஸ்தூபிகள், தூரத்தில் எரிமலைகள்.

அந்தச் சிறு ஸ்தூபிகளின் கல்வலையைக் கவனியுங்கள். கீழிரண்டு வட்டங்களில் துளைகள் சாய்சதுரம், மேல் வட்டத்தில் நேர்ச்சதுரம். உள்ளே அமர்ந்திருக்கும் புத்தர் துளைவழியாகத் துண்டு துண்டாகத்தான் தெரிவார். நடுவிலிருக்கும் பெரிய ஸ்தூபியில் துளையே இல்லை. மேலே போகப்போகப் பார்க்கக் கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது. கட்டடத்தின் அர்த்தம் முழுக்க இந்த வரிசையில் இருக்கிறது. உச்சியை மட்டும் பெயர்த்து வரவேற்பறைமேல் வைத்தால் உங்களுக்கு ஒரு கூரை கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது.

அமன்ஜிவோவில் குவிமாடம் இருக்கிறதே என்பீர்கள். எட் டட்டில் வடிவமைத்து 1997இல் திறந்த விடுதி அது. பின்னால் மெனோரே குன்றுகள், நடுவில் குவிமாடக் கூடம், அதைப் பிறைபோல் சூழ்ந்து 36 அறைத்தொகுதிகள். அங்கே குவிமாடம் பொருந்துவதற்குக் காரணம், கூடத்தில் நின்றால் பார்வை நேராகப் போரோபுதூருக்குப் போகிறது. எதிரே மூலம் இருப்பதால் இது அதற்குப் பதில் சொல்கிறது. உங்கள் மனையில் நின்றால் எதிரே என்ன தெரிகிறது? வரைவதற்கு முன் அதைப் பாருங்கள்.

எனக்கு இதைவிட நெருக்கமானது இலங்கையில், தம்புள்ளைக்குப் பக்கத்திலுள்ள கண்டலம விடுதி. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டியது, 1994. சிகிரியா பாறைக்கோட்டையின் அடியிலேயே கட்டலாம் என்றார்கள். அவர் மறுத்து, ஹெலிகாப்டரில் சுற்றிப் பார்த்து, பல கிலோமீட்டர் தள்ளி ஒரு பழைய குளத்துக்கு மேலே பாறைச் சரிவைத் தேர்ந்தெடுத்தார். வருகிறவருக்கு முதலில் குளம் தெரியாது. ஒரு குகைவாய், பிறகு பாறையை ஒட்டி வளையும் நடை. அது முடிந்த பிறகுதான் நீரும் தூரத்தில் சிகிரியாவும். தம்புள்ளைக் குகைக்கோவிலிலும் மனிதன் பாறைக்குப் பணிந்துதான் நுழைகிறான். மழைநீர் உள்ளே வராமல் பாறையின் நெற்றியில் ஒரு காடி வெட்டினார்கள். நம் ஊர்ச் சமணக் குகைகளில் இருக்கும் அதே காடிதான். கண்டலமவில் ஸ்தூபி இல்லை, கோபுரம் இல்லை, ஆனாலும் அந்த மரபின் பிள்ளை என்று தயங்காமல் சொல்வேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த விடுதியைக் கட்டியபோது பிக்குகளும் சூழலியலாளர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். ‘சரிதானா’ என்று நீங்கள் கேட்பதைத்தான் அவர்களும் கேட்டார்கள். கட்டடம் அழகாக வந்துவிட்டதால் அந்தக் கேள்வி செல்லாததாகிவிடாது. உங்கள் மலையடிவாரத்திலும் யாருடைய தண்ணீர், யாருடைய வழித்தடம் என்று விசாரித்துவிடுங்கள்.

முடிந்தால் ரிட்டிகலைக்கு ஒருமுறை போய் வாருங்கள். தம்புள்ளையிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம். கந்தலாடை உடுத்திய வனவாசித் துறவிகளுக்காக முதலாம் சேன மன்னன் 9ஆம் நூற்றாண்டில் கட்டிக்கொடுத்த மடம். ஸ்தூபியும் சிலையும் அங்கே தேவைப்படவில்லை. காட்டுக்குள் நீளும் கல்பாவிய பாதை, ஒரு பெரிய குளம், கல்பாலத்தால் இணைந்த இரட்டை மேடைகள். நடை, குளியல், அமர்வு. ஓய்வு விடுதிக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? அளவுநாடா கொண்டுபோய் பாதையின் அகலத்தையும் படிகளின் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வரைபடம் அங்கிருந்து தொடங்கட்டும்.

அப்புறம் அந்தப் புத்தர் தலை. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். போரோபுதூரின் 504 புத்தர் சிலைகளில் 300க்கும் மேற்பட்டவை சிதைந்தவை, பெரும்பாலானவற்றுக்குத் தலை இல்லை. சேகரிப்பாளர்களுக்காகவும் அருங்காட்சியகங்களுக்காகவும் பல தலைகள் களவுபோயின. உடலில்லாத புத்தர் தலை அலங்காரப் பொருளானதற்குப் பின்னால் இந்தக் கொள்ளைதான் இருக்கிறது. வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லுங்கள். தெரியாமல்தான் கேட்டிருப்பார். தெரிந்த பிறகும் வேண்டும் என்றால், அந்த ஒன்றை மட்டும் நீங்கள் வரையாதீர்கள்.