முகத்துக்குக் காரம் ஆகாது

கேள்வி: எனக்கு வயது 24. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை செய்கிறேன். சிமெண்டுத் தூசி அப்பிக்கொள்வதால் நாளைக்கு ஐந்தாறு முறை சோப்புப் போட்டு, பீர்க்கங்காய் நாரால் தேய்த்து முகம் கழுவுகிறேன். அப்படியும் நெற்றியிலும் தாடையிலும் பரு. கன்னம் வறண்டு தோல் உரிகிறது. பயத்தமாவு போடு என்கிறார் அப்பத்தா. ஃபேஸ்வாஷ் வாங்கு என்கிறாள் தோழி. யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு வாசகி, ஆத்தங்குடி

பதில்: முதலில் அந்த நாரைப் பாத்திரம் துலக்கும் இடத்துக்கு அனுப்பிவிடுங்கள் சகோதரி. அண்டாவுக்கு ஆகும், முகத்துக்கு ஆகாது. பரு அழுக்கால் வருவதில்லை. எண்ணெய்ச் சுரப்பியின் வாய் அடைபட்டு, உள்ளே கிருமி பெருகி வீங்குவதால் வருகிறது. வெளியே எவ்வளவு தேய்த்தாலும் அந்த அடைப்பு நீங்காது, புண்தான் மிஞ்சும்.

உங்கள் தொல்லை காரம். செட்டிநாட்டில் இருந்துகொண்டு காரம் என்றால் மிளகும் வரமிளகாயும்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது வேதியியல் காரம். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பி.ஹெச். என்ற அளவுகோலில் ஏறத்தாழ 5. அதில் 7 நடுநிலை, கீழே அமிலம், மேலே காரம். வழக்கமான குளியல் சோப்பு 9 அல்லது 10. ஈரமான சிமெண்டோ 12-க்கும் மேலே. தூசி வியர்வையில் நனைந்து காரமாகிறது. அதைப் போக்க இன்னொரு காரத்தை ஆறு முறை தேய்க்கிறீர்கள். கன்னம் பாவம், உரியாமல் என்ன செய்யும்?

இதற்கு மேல் தண்ணீர் வேறு. கானாடுகாத்தானில் ஒரு கல்யாண வீட்டில் தங்கியிருந்தபோது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே இல்லை. ‘இந்தத் தண்ணீரில் பருப்பே வேகாது, சோப்பா நுரைக்கும்?’ என்றார் சமையற்கட்டிலிருந்த ஆச்சி. அந்த ஒரு வாக்கியம் போதும். கடினத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுபிசுப்பான கசடாகித் தோலிலேயே படிந்துவிடுகின்றன. உங்கள் வீட்டு வாளியில் வெள்ளைப் படிவு இருந்தால் முகத்துக்கும் அதே கதைதான். மழைநீர் தேங்கும் ஊரணித் தண்ணீர் மென்மையானது. குடிக்க எடுத்துவரும் அந்தத் தண்ணீரிலோ, கேன் தண்ணீரிலோ ஒரு செம்பு ஒதுக்கி, கடைசி அலசலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வீண் செலவென்று வீட்டில் முணுமுணுத்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.

இனி, எப்படிக் கழுவுவது? வேலை முடிந்ததும் முதலில் கையைக் கழுவுங்கள். சிமெண்டுக் கையோடு முகத்தைத் தொட்டால் எல்லாம் வீண். பிறகு வெறும் தண்ணீரை நாலைந்து முறை முகத்தில் அள்ளி விட்டுத் தூசியை ஓடவிடுங்கள்; ஈரத்தில் தேய்த்தால் மணல் துகள் கீறும். அதன்பின் மொச்சைக்கொட்டை அளவு, சோப்பைவிடக் காரம் குறைந்த ஃபேஸ்வாஷ், விரல் நுனியால் அரை நிமிடம். மூக்கோரம், தாடை, முடி தொடங்கும் இடம் எல்லாவற்றையும் நன்றாக அலசுங்கள். பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள். பட்டறைக்குக் கட்டிப்போன சேலை முந்தானை வேண்டவே வேண்டாம். ஈரம் முழுக்கக் காய்வதற்குள் மணமில்லாத மாய்ஸ்சரைசர் தடவுங்கள். காலையில் ஒரு முறை, வேலை முடிந்து ஒரு முறை. நடுவில் தூசி பட்டால் தண்ணீர் மட்டும்.

அப்பத்தாவையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பயத்தமாவு எண்ணெயை நன்றாக எடுக்கும், ஆனால் மில்லில் நைசாக அரைத்து, சலித்து, மோர் பதத்தில் கரைத்திருக்க வேண்டும். காய்ந்து இறுகும்வரை விட்டால் அதுவும் வறட்சியைக் கூட்டும். தோல் உரிவது நிற்கும்வரை தோழியின் யோசனை. பிறகு வாரம் ஒரு நாள் அப்பத்தாவின் மாவு. யாராவது எலுமிச்சம்பழத்தை நீட்டினால் மட்டும் மறுத்துவிடுங்கள். வெயில் பட்டால் கருந்திட்டு வரும்.

நெற்றிப் பருவுக்குத் தலை எண்ணெயும் காரணமாக இருக்கலாம். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் நெற்றியில் வழிவதைத் துடைத்துவிடுங்கள். தலையணை உறையை வாரம் ஒரு முறை மாற்றுங்கள்.

உரிவது சில வாரங்களில் அடங்கும். பரு இன்னும் மெதுவாகத்தான் போகும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சிவப்பழகு டியூப்களை அண்டவிடாதீர்கள். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். முதல் வாரம் பளபளக்கும் முகம் பின்னால் மெலிந்து சிவந்து, பரு இரண்டு மடங்காகும். இரண்டு மாதத்தில் பரு குறையவில்லை என்றாலோ, சீழ் கட்டி வலித்தாலோ, கண் இமையும் கைகளும் சேர்ந்து அரித்தாலோ தோல் மருத்துவரிடம் போங்கள். சிமெண்டில் வேலை செய்கிறேன் என்பதை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சிமெண்டிலுள்ள குரோமியம் சிலருக்கு ஒவ்வாமை தரும். அப்படி இருந்தால் எந்த ஃபேஸ்வாஷும் உதவாது, கையுறையும் முகத்துணியும்தான் மருந்து.