காற்றுப் பலகையில் முதல் நாள்: கேள்வி பதில்

நீர்மேல் நின்றபடியே துடுப்புப் போடும் காற்றடித்த பலகை (ஸ்டாண்ட் அப் பேடில் போர்டு) ஒன்றைத் தை மாதம் வாங்கினேன். சென்னைக் கோவளத்தில் கெட்டிப் பலகைகளில் பழகியவன் என்றாலும், மடித்து முதுகில் சுமக்கும் இந்த வகை எனக்கும் புதிது. காவேரிப்பட்டணம் பக்கத்து ஏரி ஒன்றில், ஊராட்சியிலும் மீன் குத்தகை எடுத்தவரிடமும் சொல்லிவிட்டு இறக்கினேன். அதன்பின் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

காற்றடித்த பலகை என்றால் குழந்தைகளின் மிதவை போலத் தொளதொளவென்று இருக்காதா? (ஓசூர்)

எனக்கும் அந்த ஐயம் இருந்தது. முதல் அரை மணி நேரம் அது உண்மையாகவும் இருந்தது, ஆனால் தவறு என்னுடையது. அழுத்தமானியில் 8 பி.எஸ்.ஐ. வந்ததும் கை வலித்ததால் போதும் என்று நிறுத்திவிட்டேன். ஏறி நின்றவுடன் நடுப்பகுதி கயிற்றுக் கட்டில் போலத் தொய்ந்தது, இரு முனைகளும் மேலே எழும்பின, மூன்று முறை விழுந்தேன். கரையேறி 15 பி.எஸ்.ஐ. வரை அடித்துவிட்டு மறுபடி ஏறியபோது, அதே பலகைதானா என்று கேட்கும்படி விறைத்து நின்றது.

உள்ளமைப்புதான் இதற்குக் காரணம். மேல்தாளையும் அடித்தாளையும் ஆயிரக்கணக்கான நூலிழைகள் உள்ளே செங்குத்தாகப் பிடித்திருக்கின்றன. இதை டிராப் ஸ்டிட்ச் என்பார்கள். காற்று ஏற ஏற இழைகள் இழுபட்டு விறைப்பதால், பலகை உருண்டையாக உப்பாமல் தட்டையாகவே கெட்டிப்படுகிறது. அழுத்தம் குறைந்தால் அந்த இழைகளுக்கு வேலையே இல்லை. பலகை உருவம் பெறும்வரை அழுத்தமானியின் முள் அசையாது என்பதையும் நினைவில் வையுங்கள். பம்பு பழுது என்று எண்ணி முதல் நாளே கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்கள் உண்டு. காற்றடிக்கும்போது வால்வின் நடு ஊசி மேலே எழும்பியிருக்க வேண்டும். அது உள்ளே அழுந்தியிருந்தால், குழாயைக் கழற்றிய மறுநொடி பத்து நிமிட உழைப்பும் புஸ்ஸென்று போய்விடும்.

பஞ்சர் கடையில் காற்று அடித்துக்கொள்ளலாமா? (தருமபுரி)

வேண்டாம். டயருக்கான முனை இந்த வால்வில் பொருந்தாது. எப்படியாவது பொருத்தினாலும், கடையின் காற்றுத் தொட்டியில் இருக்கும் மிகுந்த அழுத்தம் ஒட்டுகளைப் பிரித்துவிடக்கூடும். கை சலித்தவர்கள் காரின் 12 வோல்ட் இணைப்பில் ஓடும் மின் பம்பு வாங்கலாம். வைத்த அளவு வந்ததும் அதுவே நின்றுகொள்ளும்.

என் எடை 92 கிலோ. தாங்குமா? (பாலக்கோடு)

என்னுடைய பலகை பத்தரை அடி நீளம், 32 அங்குல அகலம், 6 அங்குலத் தடிமன். உள்ளே ஏறத்தாழ 300 லிட்டர் காற்று. ஒரு லிட்டர் நீரை விலக்கினால் ஒரு கிலோ மிதக்கும் என்ற கணக்கில் நீங்கள் மூழ்கப் போவதில்லை. வளைவதுதான் சிக்கல். ஆகவே 4 அங்குலத் தடிமன் விலை குறைவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். உற்பத்தியாளர் பலகையில் அச்சிட்டிருக்கும் எடை வரம்பையும் பாருங்கள்.

எழுந்து நின்றாலே கால் நடுங்குகிறது. துடுப்பு போட்டால் பலகை பக்கவாட்டில் திரும்புகிறது. (கிருஷ்ணகிரி)

டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் பயணச்சீட்டு கிழிக்கும் நடத்துநரைக் கவனித்திருப்பீர்கள். முழங்கால் சற்றே மடங்கியிருக்கும், பாதங்கள் அகன்றிருக்கும், பார்வை காலடியில் இருக்காது. அதுவே இங்கும் முறை. முதலில் மண்டியிட்டுக் கொஞ்ச தூரம் போங்கள். பிறகு நடுக் கைப்பிடிக்கு இருபுறமும் பாதங்களை வைத்து எழுந்து, எதிர்க்கரைப் பனைமரத்தைப் பாருங்கள். பாதத்தைப் பார்த்த நொடியில் விழுவீர்கள். நான் விழுந்த மூன்றில் ஒன்று அப்படித்தான்.

பலகை திரும்புவதற்கு, துடுப்பின் வளைவு முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புதியவர்கள் பெரும்பாலும் அதைப் பின்பக்கமாகப் பிடிக்கிறார்கள். துடுப்பைப் பாதத்தைத் தாண்டி இழுக்காமல், முன்னே ஊன்றி, கால் அருகே வந்ததும் எடுத்துவிடுங்கள். பலகையை நேராகப் போக வைக்கும் ஃபின் என்ற அடித்தகட்டை மாட்ட மறந்திருந்தால் எந்த உத்தியும் பயன்படாது.

ஒகேனக்கல்லில் ஓட்ட முடியுமா? பரிசலைவிட இது எளிதுதானே? (பென்னாகரம்)

ஒகேனக்கல்லில் கூடாது. பாறைகளும் சுழல்களும் முதலைகளும் உள்ள ஆறு அது; நீர்வரத்து கூடினால் பரிசலையே நிறுத்திவிடுகிறார்கள். பலகையோடு கணுக்காலைக் கட்டும் கயிறு தேங்கிய நீரில் உயிர்காக்கும். ஓடும் நீரில் பாறையிடுக்கில் சிக்கினால் அதுவே ஆளை அமிழ்த்திவிடும். கே.ஆர்.பி. அணை போன்ற நீர்த்தேக்கங்களிலும் நீர்வளத்துறையைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

பரிசலோடு ஒப்பிட்டதை மட்டும் ரசித்தேன். பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அடியில் ஃபின்னும் இல்லை. அதை நேராகச் செலுத்துவது முழுக்க முழுக்க ஓட்டுபவரின் கைத்திறன். என் பலகையைப் பார்த்த மீனவர் ஒருவர், "இது தானா நேரா போவுதே தம்பி, உனக்கு இதுல என்ன வேலை?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

எந்த நேரம் நல்லது? (ஊத்தங்கரை)

விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள். ஆடியில் அம்மியே பறக்கும் என்கிறபோது இந்தப் பத்துக் கிலோப் பலகைக்கு என்ன சொல்வது? லேசான காற்றிலும், புறப்படும்போது காற்றுக்கு எதிராகப் போய், களைத்தபின் காற்றோடு திரும்புங்கள். காற்று திடீரென எழுந்தால் மண்டியிட்டுவிடுங்கள். நிற்கும் உடம்பு பாய்மரத்தின் வேலையைச் செய்யும்.

நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் போட்டால் போதாதா? (அரூர்)

போதாது. நம் ஏரிகளில் வண்டல் அள்ளிய பள்ளங்கள் கண்ணுக்குத் தெரியாது. இடுப்பளவு நீரில் நடப்பவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் போய்விடலாம். முதலில் நீச்சல் பழகுங்கள். அதன் பிறகும் ஜாக்கெட்டும் துணைக்கு ஓர் ஆளும் வேண்டும்.

கரையெல்லாம் சீமைக்கருவேல முள். குத்திவிட்டால்? (காரிமங்கலம்)

மேல்தாள் தடித்த பி.வி.சி. என்பதால், தரையில் இழுக்காமல் தூக்கிச் சென்றால் பெரும்பாலும் தப்பிவிடும். காற்று இறங்கினால் சோப்பு நீரை முதலில் வால்வின் ஓரத்தில் தடவுங்கள். குமிழி அங்கே வந்தால் உடன் வரும் திருகுசாவியால் முறுக்கினால் சரியாகிவிடும். உண்மையிலேயே ஓட்டை என்றால் சைக்கிள் டியூப் சொல்யூஷன் பிடிக்காது, பி.வி.சி.க்கான பசையும் ஒட்டுத் துண்டும் வேண்டும். வேலை முடிந்து ஓய்வெடுக்கையில் பலகையை வெயிலில் போடாதீர்கள்: சூடு 25 டிகிரி கூடினால் 15 பி.எஸ்.ஐ. ஏறக்குறைய பதினேழரை ஆகிவிடும். புளியமரத்து நிழல் இல்லையென்றால் கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.