மாட்டு ஈ கடித்தால் சுண்ணாம்பு வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. ஊர் சேரன்மகாதேவி. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நேற்று மத்தியானம் கன்னடியன் கால்வாயில் எருமையைக் குளிப்பாட்டும்போது கெண்டைக்காலில் மாட்டு ஈ கடித்துவிட்டது. இன்று உள்ளங்கை அகலத்துக்கு வீங்கி, தொட்டால் சுடுகிறது. பக்கத்து வீட்டு ஆச்சி சொல்லி சுண்ணாம்பு வைத்திருக்கிறேன். விஷம் ஏறுமா டாக்டர்?

பதில்: முதலில் அந்தச் சுண்ணாம்பை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள் அம்மா. ஈக்கடி தானே ஆறிவிடும். சுண்ணாம்பு வெந்த புண், அதுவும் சர்க்கரைக்காரர் காலில், ஆறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

விஷம் ஏறாது. கொசு ஊசி மாதிரி நைசாகக் குத்தும். மாட்டு ஈயோ பிளேடு போன்ற வாயால் தோலைக் கீறி, கசிகிற ரத்தத்தை நக்கும். அதுதான் அந்தச் 'சுரீர்'. ரத்தம் உறையாமலிருக்க அது விடும் எச்சில் நம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் தடிக்கிறது. கடிப்பதெல்லாம் பெண் ஈ; முட்டைக்கு ரத்தம் வேண்டும். ஆண் பூந்தேனோடு சரி.

முதல் இரண்டு நாள் வீக்கம் பெரும்பாலும் இந்த ஒவ்வாமைதான். எடுத்த எடுப்பில் ஆன்டிபயாட்டிக் வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம் வையுங்கள். அரிப்புக்கு ராத்திரி ஒரு செட்ரிசின் 10 மி.கி. போதும், சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால். தூக்கம் வரும். மெடிக்கலில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் வாங்காதீர்கள், சர்க்கரை எகிறிவிடும்.

இப்போது ஒரு பேனா எடுத்துச் சிவப்பின் ஓரத்தில் கோடு போட்டு, பக்கத்தில் மணியையும் எழுதுங்கள். சிவப்பு கோட்டைத் தாண்டிப் பரவினாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ, தொடையிடுக்கில் நெறி கட்டினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தாண்டாவிட்டாலும் சர்க்கரை இருப்பதால் நாளைக்குள் ஒரு டாக்டரிடம் காலைக் காட்டிவிடுங்கள். டிடி ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் அதையும் கேளுங்கள். என்றைக்காவது கடித்த கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி மூச்சுத் திணறினால் யோசிக்காமல் 108.

இந்த ஈயின் புழு வளர்வது கால்வாய் ஓரத்து ஈரச் சேற்றில். சாணியை அள்ளிப்போடுவது நல்லதுதான், இதற்குப் பெரிதாக உதவாது. வெயில் ஏற ஏறத்தான் இதற்கு வேகம். கறுப்பு நிறமும் அசைவும் இதை இழுக்கும். எருமையை மாற்ற முடியாது, உங்கள் சேலை வெளிர் நிறமாக இருக்கட்டும். குளிப்பாட்டுவதை விடிகாலைக்கு மாற்றுங்கள்.

இந்த ஈயால் மாட்டுக்கு 'சர்ரா' என்ற ரத்த நோய் பரவும். எருமை விட்டுவிட்டுக் காய்ச்சலடித்து மெலிந்தால், கால்நடை மருத்துவரிடம் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.