புல் செத்துவிட்டதா, உறங்குகிறதா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வாடகை வீட்டின் முன்னும் பின்னும் புல்தரை. அதைப் பராமரிப்பது உங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. வசந்தத்தில் பச்சைப்பசேலென்று இருந்தது, இப்போது கோடை முடியும் நேரத்தில் வைக்கோல் நிறத்தில் கிடக்கிறது. தினமும் மாலையில் தண்ணீர் தெளித்தீர்கள், வாரந்தோறும் ஒட்ட வெட்டினீர்கள், உரமும் போட்டீர்கள். ஆனாலும் மோசமாகிக்கொண்டே போகிறது. செத்துவிட்டதா, வருடம் முழுவதும் என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் சாகவில்லை. பழுப்பான இடத்தில் ஒரு பிடி புல்லைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பாயைச் சுருட்டுவதுபோல் மேலாக உரிந்து வந்தால் அடியில் வண்டுகளின் வெள்ளைப் புழுக்கள் வேரைத் தின்கின்றன என்று பொருள். வராமல் பிடித்து நின்றால், மண்ணை ஒட்டிய அடித்தண்டைப் பாருங்கள். அங்கே வெண்மையோ வெளிர்பச்சையோ தெரிந்தால் புல் உறங்குகிறது, அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்வதுதான் முக்கியம். நமக்குத் தெரிந்த அருகம்புல் வெயிலில் செழிக்கும், குளிரில் பழுப்பாகி அடங்கும். இங்கே விதைத்திருக்கும் ரை புல், ஃபெஸ்க்யூ, புளூகிராஸ் வகைகளுக்கு நேர் எதிர்க் குணம். 15 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை அவற்றுக்கு நல்ல காலம். வெப்பம் ஏறி மண்ணும் காய்ந்தால் இலையை விட்டுக்கொடுத்து அடித்தண்டைக் காத்துக்கொள்ளும். வெயில் நாட்டில் பழகிய நம் கைக்கு, காய்வதைக் கண்டால் தண்ணீர் ஊற்றத்தான் தோன்றும். இரண்டு நாள் ஊற்றி எழுப்புவதும், ஒரு வாரம் மறந்து மீண்டும் உறங்க விடுவதும்தான் புல்லைச் சோர வைக்கிறது. ஒன்று, கோடை முழுவதும் முறையாக நீர் கொடுத்துப் பச்சையாக வைத்திருங்கள். அல்லது உறங்க விட்டுவிட்டு, மழையே இல்லாத காலத்தில் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு முறை அடித்தண்டு காயாத அளவுக்கு நனையுங்கள். தண்ணீர்க் கட்டுப்பாடு உள்ள ஊரில் இரண்டாவது வழியே நல்லது.

முறையான நீர் என்றால் மழையையும் சேர்த்து வாரத்துக்குச் சுமார் 25 மில்லிமீட்டர். அதை ஒரே தடவையிலோ இரண்டு தடவையிலோ கொடுங்கள். தெளிப்பான் எட்டும் இடங்களில் தட்டையான காலி டின்கள் சிலவற்றை வைத்து, எவ்வளவு நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் சேர்கிறது என்று அளவுகோலால் பாருங்கள். அடுத்த நாள் நீளமான திருப்புளி ஒன்றை மண்ணில் அழுத்தினால் சுமார் 15 சென்டிமீட்டர் அளவுக்குத் தடையின்றி இறங்க வேண்டும். தினமும் கொஞ்சமாகத் தெளித்தால் மேல் மண் மட்டுமே நனைகிறது, வேரும் மேலேயே நின்றுவிடுகிறது. மாலை நீர் இரவெல்லாம் இலையில் தங்கிப் பூஞ்சைக்கு வழி செய்யும். விடியற்காலையே சரியான நேரம்.

அடுத்தது வெட்டும் உயரம். எனக்கு ஒரே ஒரு விஷயம் சொல்ல அனுமதி என்றால் இதைத்தான் சொல்வேன். புல்வெட்டும் இயந்திரத்தின் சக்கரத்தை உயர்த்தி 7, 8 சென்டிமீட்டரில் வையுங்கள். மேலே எவ்வளவு இலை இருக்கிறதோ அதற்கேற்றபடிதான் கீழே வேர் இறங்கும். உயர்ந்த புல் தன் நிழலால் மண்ணைக் குளிர்ச்சியாக வைக்கிறது. களை விதை முளைக்கத் தேவையான வெளிச்சத்தையும் மறைக்கிறது. ஒரு வெட்டில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. விடுமுறைக்குப் போய் வந்து புல் முழங்காலைத் தொட்டாலும், சில நாள் இடைவெளி விட்டுப் படிப்படியாகவே இறக்குங்கள். வெட்டிய பின் இலை நுனியைக் கூர்ந்து பாருங்கள். நார் நாராகக் கிழிந்து வெளுத்திருந்தால் கத்தி மழுங்கிவிட்டது. வெட்டிய துணுக்குகளை வாரிக் கொட்ட வேண்டாம். அவை விரைவில் மட்கி, புல்லுக்கு வேண்டிய நைட்ரஜனில் கால் பங்கு வரை திருப்பிக் கொடுக்கின்றன.

உரத்தில் நானும் உங்களைப் போலவே தவறினேன். முதல் கோடையில், காய்ந்த புல்லின் மேல் நிறைய நைட்ரஜன் உரத்தைக் கையால் வீசினேன். உரம் அதிகமாக விழுந்த இடமெல்லாம் கருகிப் பட்டை பட்டையாகத் தெரிந்தது. இலையுதிர் காலம் வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உறங்கும் புல்லுக்கு உணவு கொடுக்கக் கூடாது. மூட்டையில் உள்ள மூன்று எண்களில் முதலாவது நைட்ரஜனின் சதவீதம். ஒரு தடவைக்குச் சதுர மீட்டருக்கு 5 கிராம் நைட்ரஜன் போதும். முதல் எண் 20 என்றால் 25 கிராம் உரம். எடை போட்டு, பாதியை நீளவாக்கிலும் பாதியைக் குறுக்காகவும் தூவினால் பட்டை விழாது.

இனி உங்களுக்கு நல்ல செய்தி. புல்தரையின் ஆண்டு தொடங்குவது வசந்தத்தில் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது கோடை முடிவில் தொடங்குகிறது. நீங்கள் சரியான வாரத்தில் கேட்டிருக்கிறீர்கள். மண்ணில் சூடு இருக்கிறது, காற்று தணிகிறது, புதிய களைகள் குறைகின்றன. புது விதைக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. உறைபனி தொடங்க ஆறு வாரமாவது இருக்கும்போதே விதையுங்கள்.

அதற்கு முன் மண்ணைத் திறக்க வேண்டும். நடந்து நடந்து இறுகிய மண்ணில் காற்றும் நீரும் இறங்காது. விரல் தடிமனில் மண் உருளைகளைப் பிடுங்கி எடுக்கும் துளையிடும் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும். மண் ஈரமாக இருக்கும்போது, சேறாக இல்லாதபோது ஓட்டுங்கள். வெளியே விழும் உருளைகளை அப்படியே விடுங்கள், மழையில் கரைந்துவிடும். மேலே அரை சென்டிமீட்டருக்கு மட்கு உரத்தைப் பரப்பி, விதை தூவி, மண்ணோடு ஒட்டும்படி லேசாக மிதித்து விடுங்கள். தினமும் கொஞ்சமாகத் தெளிக்கும் உங்கள் பழக்கம் இந்த ஒரு கட்டத்தில் சரி. முளைக்கும் வரை மேல் மண் காயவே கூடாது. ரை புல் ஒரு வாரத்தில் தலை காட்டும். புளூகிராஸ் மூன்று வாரம்கூட எடுக்கும், அதற்குள் பொறுமையிழந்து கிளறிவிடாதீர்கள். நாற்று 8 சென்டிமீட்டர் தாண்டியதும் முதல் வெட்டு.

உதிர்ந்த இலை புல்லை மூடிக் கிடக்க விடாதீர்கள். கொஞ்சமாக இருந்தால் இயந்திரத்தை மேலே ஓட்டிப் பொடியாக்கி அங்கேயே விடலாம். அடர்த்தியாக இருந்தால் வாரிவிடுங்கள். கடைசி வெட்டை மட்டும் சற்றுத் தாழ்த்தி வெட்டினால் பனிக்கு அடியில் புல் படுத்து அழுகாது. குளிர்காலத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: உறைபனி படிந்த புல்லில் நடக்காதீர்கள், நடந்த தடம் வசந்தத்தில் பழுப்பாகத் தெரியும், பாதையில் தூவும் உப்பைப் புல் பக்கம் தள்ளாதீர்கள்.

வசந்தத்தில் பனி உருகியதும் இறங்கி வேலை செய்யக் கை துடிக்கும். காலடியில் நீர் கசிவது நிற்கும் வரை மண்ணை மிதிக்க வேண்டாம். பிறகு காய்ந்த புல்லை மெல்ல வாரி எடுத்து, புல் உண்மையில் வளரத் தொடங்கிய பின் முதல் வெட்டு. களை விதை முளைப்பதைத் தடுக்கும் மருந்தைத் தூவ யாராவது சொன்னால், அது பொதுவாக நீங்கள் விதைக்கும் புல்லையும் முளைக்க விடாது என்பதை நினைவில் வையுங்கள். இரண்டையும் ஒரே பருவத்தில் செய்ய முடியாது.

குளோவர் என்னும் மூவிலைச் சிறு செடி அங்கங்கே இருப்பதாக வருத்தப்பட்டிருந்தீர்கள். நான் என்னுடையதைப் பிடுங்குவதில்லை. அது காற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்து மண்ணில் சேர்க்கிறது, வறட்சியிலும் பச்சையாக நிற்கிறது, தேனீக்களும் வருகின்றன. ஆனால் பெரிய மரத்தடியில் நான்கு மணி நேர வெயில்கூட விழாத மூலையில் வருடாவருடம் புல் விதைப்பது வீண் வேலை. அங்கே நிழலில் வளரும் வேறு செடிகளை வைக்கலாமா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

பாசி படர்ந்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். நிழல், ஈரம், இறுகிய மண், அமிலத்தன்மை ஆகியவையே பாசியின் காரணங்கள். இவை மாறாமல் பாசியை மட்டும் சுரண்டினால் திரும்ப வரும். மண்ணின் கார அமிலநிலை (pH) 6க்கும் 7க்கும் இடையில் இருந்தால் புல்லுக்கு ஏற்றது. அமிலத்தைக் குறைக்கச் சுண்ணாம்பு தூவுவதற்கு முன் மண்ணைப் பரிசோதிக்கக் கொடுங்கள். நாலைந்து இடங்களில் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தோண்டி எடுத்துக் கலந்து அனுப்பினால் போதும். இந்த வாரம் இழுத்துப் பார்க்கும் சோதனையைச் செய்யுங்கள், சக்கரத்தை உயர்த்துங்கள், துளையிடும் இயந்திரத்துக்குச் சொல்லி வையுங்கள். மண் பரிசோதனை முடிவு வந்ததும் எண்களை எனக்கு எழுதுங்கள், எவ்வளவு சுண்ணாம்பு, தேவையா இல்லையா என்று சேர்ந்து பார்ப்போம்.