மலைக்குப் போய் ஆய்வு செய்கிறேன் என்கிறாள் மகள்

அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் பின்னிக் கிடக்கின்றன. தாவரவியலில் முதுகலை முடித்த மகள், அகத்தியமலைக் காணிப் பழங்குடி மக்களின் மூலிகை அறிவை முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ள விரும்புகிறாள். இது சோறு போடுமா என்று கேட்கிறீர்கள். காட்டுக்குள் அனுப்பப் பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

பணத்தை முதலில் பேசிவிடுவோம். சி.எஸ்.ஐ.ஆர். - யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. 2023 முதல் இதுதான் தொகை. பெண்களுக்கு வயது வரம்பில் 5 ஆண்டு சலுகையும் உண்டு. உதவித்தொகை இல்லாமல் இந்த ஆய்வில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பயணச் செலவும் தங்கும் செலவும் உங்கள் தலையில்தான் விழும். பட்டம் பெற்ற பிறகு பேராசிரியர் பணியிடங்கள் குறைவு. திட்டப் பணிகளோ திட்டம் முடிந்ததும் முடிந்துவிடும். சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூருவில் ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களில் மக்களோடு சேர்ந்து வேலை செய்யத் தெரிந்தவர்களுக்கு மதிப்பு உண்டு. ஆனால் அரசு வேலையின் நிம்மதியை இந்தத் துறையிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

பாதுகாப்பு பற்றி அதிகம் பயப்படாதீர்கள். அகத்தியமலையின் தமிழ்நாட்டுப் பகுதியில் உள்ள களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஆய்வுக்கு நுழைய முடியாது. அது கைக்கு வரவே மாதக்கணக்கில் ஆகலாம். நல்ல ஆய்வு வழிகாட்டி எவரும் மாணவியைத் தனியாக அனுப்பவும் மாட்டார்.

என் கவலை வேறு. அந்த மக்களின் அறிவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டு, அவர்களுக்கு என்ன திருப்பித் தரப்போகிறோம் என்று உங்கள் மகள் யோசித்திருக்கிறாளா?

காணி மக்களின் அனுபவமே இதற்குப் பாடம். 1987இல் கேரளப் பகுதி அகத்தியமலையில் ஏறிய ஆய்வுக் குழு களைத்துப்போனது. வழிகாட்ட வந்த காணிகளோ ஒரு செடியின் காயைத் தின்றபடி சோர்வில்லாமல் நடந்தார்கள். முதலில் அதைப் பற்றிச் சொல்லத் தயங்கியவர்கள், பிறகு காட்டிக்கொடுத்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரம் தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, 1995இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய் கட்டணத்துக்கும் 2 சதவீத உரிமைத்தொகைக்கும் தயாரிப்பு உரிமம் தந்தது. வருவதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவானது. உலகமே பாராட்டிய ஏற்பாடு இது. ஆனாலும் எங்களைக் கேட்கவில்லையே என்று வேறு குடியிருப்புகளைச் சேர்ந்த காணிகள் வருந்தினார்கள். செடியைப் பயிரிட்டுச் சேகரிப்பதிலும் வனத்துறையோடு சிக்கல் எழுந்தது. நல்ல எண்ணத்தோடு தொடங்கிய வேலையே இவ்வளவு இடறியிருக்கிறது.

கெட்ட உதாரணமும் உண்டு. அமெரிக்காவில் ஹவாசுபாய் பழங்குடியினர் நீரிழிவு ஆய்வுக்கென்று நம்பி ரத்தம் கொடுத்தார்கள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அது மனநோய் ஆய்வுக்கும் அவர்களின் பூர்வீகம் பற்றிய ஆய்வுக்கும் பயன்பட்டது. வழக்கு நடந்து, 2010இல் 7 லட்சம் டாலர் இழப்பீட்டோடு மாதிரிகளும் திரும்பின.

நம் ஊர் ஆய்வேடுகள் பலவற்றில் செடி, பாகம், நோய் என்று ஒரு நீண்ட அட்டவணை இருக்கும். சொல்லிக்கொடுத்த பெரியவரின் பெயர் மட்டும் இருக்காது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அச்சான பின் அந்த அறிவை எவரும் எடுத்துக்கொள்ளலாம். திரும்பப் பெற வழியே கிடையாது. எதை அச்சிடலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டு, அதன்படி நடக்கும் பொறுமை அவளுக்கு வேண்டும். யு.ஜி.சி. விதிப்படி ஆய்வுக்கு அதிகபட்சம் 6 ஆண்டுகள். பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு நீட்டிப்பு கிடைக்கும். முதல் ஆண்டு முழுவதும் பழகுவதிலேயே போனாலும் பதற வேண்டாம்.

அதனால் பல்கலைக்கழகத்தின் பெயரைவிட வழிகாட்டி யார் என்பதே முக்கியம். முந்தைய மாணவர்களின் ஆய்வு முடிந்த பின்னும் அவர் அந்தக் குடியிருப்புகளுக்குப் போய்வருகிறாரா, முடிவுகளை அங்கே தமிழில் படித்துக்காட்டினாரா என்று உங்கள் மகள் நேரிலேயே கேட்கட்டும். மழுப்பலான பதில் வந்தால் வேறு ஒருவரைத் தேடட்டும்.

பதிவு செய்வதற்கு முன் மணிமுத்தாறில் உள்ள ஏட்ரீயின் அகத்தியமலை மையத்துக்கு எழுதி, சில மாதம் உடனிருந்து வேலை கற்க முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். அதே காலத்தில் நெட் தேர்வுக்கும் படிக்கலாம். இடம் கிடைத்தால் நீங்களும் ஒருநாள் போய், அவள் யாரோடு, எப்படி வேலை செய்கிறாள் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.