மோட்டார் ஓடினால் ஆர்டுயினோ அணைகிறது: லைன் ஃபாலோயர் கட்டிப் பழகுபவர்களுக்குப் பதில்கள்

வெள்ளைத் தாளில் ஒட்டிய கறுப்பு டேப்பைப் பிடித்துக்கொண்டு ஓடும் ரோபோதான் லைன் ஃபாலோயர். அதன் மூளை ஆர்டுயினோ, நாம் எழுதும் புரோகிராமை ஓட்டும் சிறு போர்டு. இந்த ரோபோவைக் கட்டி எலக்ட்ரானிக்ஸ் பழக வந்தவர்கள் கேட்டவை இவை.

அண்ணா, நான் காமர்ஸ் படித்தவன். நேராக ரோபோவில் இறங்கலாமா?

தாராளமாக இறங்குங்கள் தம்பி. ஓம் விதி மட்டும் கையில் இருக்கட்டும்: வோல்ட்டைக் கரண்டால் (ஆம்பியரால்) வகுத்தால் தடை (ஓம்). 5 வோல்ட்டில் ஒரு சிவப்பு எல்இடி எரிய வேண்டும். அது சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 3 வோல்ட்டைத் தடையான ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 15 மில்லிஆம்பியர் போதும் என்றால், 3-ஐ 0.015-ஆல் வகுக்க 200 ஓம். கடையில் 220 ஓம் ரெசிஸ்டர் கேளுங்கள். எல்இடியை எரியவிட்டு, ரெசிஸ்டரின் இரு முனைக்கும் இடையே வோல்ட்டை அளந்து, கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பாடம் அங்கே தொடங்குகிறது.

சார், முதலில் எதை வாங்குவது?

மல்டிமீட்டர், அதாவது வோல்ட், கரண்ட், தடையை அளக்கும் கருவி. அதை வாங்காமல் வேறு எதையும் வாங்காதீர்கள். அப்புறம் பிரெட்போர்டு (பற்றவைக்காமல் ஒயர்களைச் செருகி இணைக்கும் பலகை), ஆர்டுயினோ யூனோ, மஞ்சள் கியர் மோட்டார் இரண்டு, மோட்டார் டிரைவர் (ஆர்டுயினோ சொல்கிறபடி பேட்டரி கரண்டை மோட்டாருக்குக் கொடுக்கும் போர்டு), கோட்டைக் காணும் ஐஆர் (அகச்சிவப்பு) சென்சார் இரண்டு. சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் ஒரே நடையில் எல்லாம் கிடைத்துவிடும்.

சக்கரம் சுற்றத் தொடங்கியதும் ஆர்டுயினோ அணைந்து அணைந்து எரிகிறது. 9 வோல்ட் சதுர பேட்டரிதான் போட்டிருக்கிறேன். போர்டு பழுதா?

போர்டு நன்றாக இருக்கிறது, பேட்டரிதான் தாங்கவில்லை. என்னிடம் அதிகம் வருவது இந்தக் கேள்விதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நின்றிருக்கும் மோட்டார் கிளம்பும் நொடியில், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். சதுர பேட்டரிக்கு உள்தடை அதிகம். அவ்வளவு கரண்ட் கேட்டால் அதன் வோல்டேஜ் சரிந்துவிடும். யூனோவின் பவர் சாக்கெட்டுக்குக் குறைந்தது 7 வோல்ட் வேண்டும். அதற்கும் கீழே நன்றாக இறங்கினால் சிப் ரீசெட் ஆகிறது.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். மீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்து, ஓடும் சக்கரத்தை ஓரிரு நொடி கையால் பிடித்து நிறுத்துங்கள். எண் இறங்குவது கண்ணெதிரே தெரியும்.

தீர்வு, 18650 எனும் உருளை வடிவ லித்தியம் செல்கள் இரண்டைத் தொடராக இணைப்பது: 7.4 வோல்ட். எல்298என் எனும் மோட்டார் டிரைவர் சுமார் 2 வோல்ட்டைத் தானே விழுங்கிவிடும். மீதி 5.4 வோல்ட், 3 முதல் 6 வோல்ட் வரை ஓடும் மஞ்சள் மோட்டாருக்குச் சரியாகப் பொருந்துகிறது. பாதுகாப்புச் சுற்று உள்ள செல், அதற்கென்றே உள்ள சார்ஜர் இரண்டும் கட்டாயம். ஒரு செல் 3.5 வோல்ட்டுக்கு வந்ததும் சார்ஜ் போட்டுவிடுங்கள். மோட்டாருக்கும் ஆர்டுயினோவுக்கும் தனித்தனி பேட்டரி வைத்தால், இரண்டின் கிரவுண்டையும் (நெகட்டிவ் பக்கத்தையும்) ஒன்றாக இணைக்க மறக்காதீர்கள்.

டிரைவர் இல்லாமல் மோட்டாரை நேராக ஆர்டுயினோவின் பின்னில் (ஒயர் செருகும் முனையில்) கொடுத்தால்?

அந்தப் பின் கெட்டுவிடும். அது நிம்மதியாகத் தருவது 20 மில்லிஆம்பியர்தான். சுமையே இல்லாத மோட்டார்கூட அதைவிட அதிகம் கேட்கும்.

என் மகளுக்குப் பதினொரு வயது. சால்டரிங் செய்ய விடலாமா?

இப்போதைக்கு பிரெட்போர்டே போதும் அம்மா. மோட்டார் ஒயர்களை மட்டும் நீங்கள் பற்றவைத்துக் கொடுங்கள். இரும்பின் முனை 300 டிகிரியைத் தாண்டும், ஈயம் கலந்த பற்று என்றால் கையைக் கழுவ வேண்டும். அவளுக்கு லித்தியமும் வேண்டாம், சாதாரண ஏஏ செல்களே நல்லது.

வீட்டுக்குள் கோட்டைப் பிடிக்கிறது, மொட்டைமாடியில் பிடிக்கவில்லை.

வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர் உண்டு, சென்சார் அதில் திணறுகிறது. சுற்றிலும் கறுப்பு அட்டை கட்டுங்கள். சென்சாரைத் தரையிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் இறக்கி, சென்சார் போர்டில் உள்ள நீலப் பிரீசெட்டை (உணர்திறனை மாற்றும் திருகை) அந்த இடத்திலேயே மறுபடி திருகுங்கள்.

புரோகிராமே இல்லாமல் இதைக் கட்ட முடியாதா?

முடியும், கட்டாயம் ஒருமுறை கட்டிப் பாருங்கள். 1940-களின் கடைசியில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மூளை ஆய்வாளர் கிரே வால்டர் செய்த ஆமை ரோபோக்கள் இரண்டே வால்வுகளை (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்களை) வைத்துக்கொண்டு வெளிச்சத்தைத் தேடிப் போயின. உங்களுக்கு ஒரு எல்எம்393 சிப் போதும், அதில் இரண்டு கம்பேரேட்டர் (இரு வோல்ட்டில் எது அதிகம் என்று ஒப்பிடும் சுற்று) இருக்கிறது. இடது சென்சார் கறுப்பைக் கண்டால் இடது மோட்டார் நிற்க வேண்டும், வலதும் அப்படியே. கோடு நடுவில் இருக்கும்வரை இரண்டும் ஓடும். கம்பேரேட்டரால் மோட்டாரை நேராக ஓட்ட முடியாது. நடுவில் சுவிட்சாக ஒரு டிரான்சிஸ்டர் வையுங்கள், மோட்டாருக்குக் குறுக்கே 1என்4007 டையோடு (கரண்டை ஒரே திசையில் விடும் பாகம்) ஒன்று, அதன் வெள்ளைக் கோடு பாசிட்டிவ் பக்கம்.