சீர்த்தட்டில் மீந்த முத்தும் கல்லும் விளக்கில் ஏறலாமா?

கேள்வி: மகளின் நிச்சயதார்த்தத்துக்குச் சீர்த்தட்டுகள் அலங்கரித்ததில் குந்தன் கல், முத்துச்சரம், கண்ணாடி மணி, ஜரிகை லேஸ் எல்லாம் மீந்துவிட்டன. சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கும் விளக்கின் துணி ஷேட் மங்கிக் கிடக்கிறது. அதில் ஒட்டலாமா? தீப்பிடித்துவிடும் என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார். (வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு)

பதில்: தாராளமாக ஒட்டலாம். வீட்டுக்காரரின் பயம் நியாயமா இல்லையா என்பது உள்ளே இருக்கும் பல்பைப் பொறுத்தது. பழைய குண்டு பல்பு என்றால் முதலில் அதை மாற்றுங்கள். அது இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் போகிறது. கண்ணாடி 100 டிகிரியைத் தாண்டிவிடும். உருக்கி ஒட்டும் பசையான ஹாட் குளூவோ 60, 80 டிகிரியிலேயே இளகும். முத்து குழம்பில் விழுந்தால் யார் பொறுப்பு? 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தந்துவிடும், சிரிம் முத்திரை (மலேசியத் தரச் சான்று) பார்த்து வாங்குங்கள். எல்இடியிலும் அடிப்பக்கம் சுடும் என்பதால் ஷேடின் மேல்வாயை லேஸ் வைத்து மூடிவிடாதீர்கள். ஹோல்டர் பக்கம் எதுவும் போகக் கூடாது.

பலரும் கோட்டை விடுவது வேறு இடத்தில். பகலில் ஒட்டி, அழகு பார்த்து, இரவில் விளக்கைப் போட்டால் ஷேட் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள்! குந்தன் கல்லின் முதுகில் பூச்சு இருக்கும், பிளாஸ்டிக் முத்தும் ஒளியை விடாது. ஆகவே அவை மேல், கீழ் விளிம்புகளுக்கு மட்டும். நடுத் துணியில் ஒளி ஊடுருவும் கண்ணாடி மணிகளைத் தூவினாற்போல வையுங்கள். எதையும் ஒட்டுவதற்கு முன் விளக்கைப் போட்டு, துணிமேல் பிடித்துப் பாருங்கள். பிறகு சுவிட்சை அணைத்து, ஷேடைக் கழற்றி, மேசையில் வைத்து வேலை செய்யுங்கள்.

துணி ஷேட் என்பதால் என் ஓட்டு ஊசி நூலுக்குத்தான். நம் ஊர் ஈரக்காற்றுக்கும் மேசையிலிருந்து எழும் ஆவிக்கும் தையல் அசையாது. ஒட்டியே ஆக வேண்டிய கல்லுக்குத் துணிப்பசை போதும்; தூசியைத் துடைத்துவிட்டு ஒட்டி, ஒரு நாள் காயவிடுங்கள்.

பல்பு வாங்கும்போது வெதுவெதுப்பான மஞ்சள் நிறம், அதாவது 2700 அல்லது 3000 கெல்வின், கேளுங்கள். பலர் வீட்டில் இருக்கும் 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சத்தில் பொன் ஜரிகை வெளிறித் தெரியும்.

முத்துச்சரங்களைக் கீழே தொங்கவிட ஆசை வரும். நாலைந்து போதும். விளக்கு வெறும் வயரில் தொங்குகிறதென்றால் அதுவும் வேண்டாம். வயரின் உறையும் இறுகி வெடிப்பு விட்டிருந்தால், அலங்காரத்தை ஓரமாக வைத்துவிட்டு உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்து அதை மாற்றிவிடுங்கள்.